தடிமன் பார்த்து எடுத்த புத்தகம்

விருத்தாசலம் ஜங்ஷனில் சென்னை ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான், எங்கள் தெருப் படிப்பகத்துக்குப் புத்தகங்களை நானே தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றியது. அன்றே சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அள்ளிக்கொண்டு வந்தேன். அட்டையில் குதிரையும் துப்பாக்கியும் இருந்ததால் அமெரிக்க கவ்பாய் வரலாறுகள் நான்கு. தலையணை போலத் தடிமனாக இருந்ததால் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகம் ஒன்று. எதையும் நான் படிக்கவில்லை.

"இது ஒண்ணு போதும், வேலை கிடைச்சிடும்" என்று அந்தத் தடிப் புத்தகத்தை எங்கள் தெருச் செல்வியிடம் கொடுத்தேன். பீங்கான் கம்பெனியில் கப்புகளைப் பெட்டியில் அடுக்குகிறவள் அவள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்டர்வியூ முடிந்து நேராகப் படிப்பகத்துக்கு வந்தாள்.

"அங்க கம்ப்யூட்டர்ல அடிச்சா மொத வரியே எர்ரருண்ணா. பிரிண்ட்னு அடிச்சா கூடவே அடைப்புக்குறி போடணுமாம். உங்க புக்குல அது இல்லியே. வூட்ல ஏது கம்ப்யூட்டரு? நோட்டுல எழுதித்தான படிச்சேன்."

அது வழக்கொழிந்த பழைய பைத்தானுக்கான புத்தகம். அச்சான ஆண்டைப் பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும்.

"நீங்க படிச்சீங்களாண்ணா?"

"இல்லம்மா."

அவள் திட்டவில்லை.

"அந்தக் குதிரைக்காரன் புக்கையும் பொரட்டினேன். காலி நெலம், காலி நெலம்னே எழுதியிருக்கான். காலின்னா யாருகூடண்ணா சண்ட போட்டானுங்க?"

அதையும் நான் படித்திருக்கவில்லை. என் அவசரத்துக்கு அவளுடைய மூன்று மாதம் போயிருந்தது.

காலி என்று எழுதப்பட்ட அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் பற்றிய புத்தகத்தை இனிமேல்தான் தேட வேண்டும். பைத்தானுக்குப் புதிய பதிப்பு வாங்கிவிட்டேன். ஒவ்வொரு உதாரணத்தையும் நானே என் லேப்டாப்பில் அடித்து ஓட்டிப் பார்க்கிறேன். இப்போது மூன்றாம் அத்தியாயம். முடித்ததும் லேப்டாப்போடு செல்வி வீட்டுக்குப் போய், இன்னொரு முறை முயற்சி செய்கிறாயா என்று கேட்கப் போகிறேன்.