நான் கட்டிய வண்டிக்குள் நானே மாட்டிக்கொண்டேன்

1. பழைய கார் உதிரி பாகங்களை வாங்கி, காரின் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுத்துத் தூங்க ஒரு சின்ன வண்டி கட்டினேன்.
2. மழை ஒழுகுமா என்று பார்க்க, இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டு, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.
3. கதவு திறக்கவில்லை. அது ஏதோ ஒரு பழைய காரின் பின்சீட்டுக் கதவு. குழந்தைகள் உள்ளிருந்து திறக்காமலிருக்கப் போடும் சைல்டு லாக் போட்டபடியே இருந்திருக்கிறது.

கண்ணாடியை இறக்கும் வயரை இன்னும் இணைக்கவில்லை. செல்போன் வெளியே. அபிராமபுரத்து மே மாத வெயிலில் மூச்சு முட்டியது. தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எங்கள் வாட்ச்மேன் அண்ணன் வந்து, வெளியிலிருந்து ஒரே விரலால் திறந்தார்.

"பூனை மாட்டிக்கினு கீதுன்னு நெனச்சேன் மேடம். உள்ள இன்னா பண்றீங்க?"

"தண்ணி வருதான்னு பாக்கறேன்ணா."

"காத்துக்கே வழியில்லியே, தண்ணி எங்க வரும்?"

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். என் சோதனைப் பட்டியலில் நாற்பது வரிகள். 'உள்ளிருந்து கதவு திறக்கிறதா?' என்ற வரி மட்டும் இல்லை.

இப்போது அதுதான் முதல் வரி. வெளியே ஆள் இல்லாமல் உள்ளே போவதில்லை. லாக்கைக் கழற்றிவிட்டேன், காற்றுக்கு இரண்டு துளைகள் போட்டிருக்கிறேன். மழை ஒழுகுமா என்பது இன்னும் தெரியாது.