மாரிமுத்துவின் மஞ்சள் விளக்கு

மங்கிய வாகன விளக்குகளைத் துலக்கும் தொழிலில் எப்படித் தேய்ப்பது என்று ஒரே நாளில் பழகிவிடலாம். எங்கே நிறுத்துவது என்று பழக எனக்கு ஆயுள் போதவில்லை. பழுதுபார்த்துப் பிழைக்கும் நீங்களும் ஒருதரமாவது தொடக்கூடாததைத் தொட்டுவிட்டு நித்திரை கெட்டிருப்பீர்கள்.

கண் கூசும்

தொண்ணூறுகளின் கடைசியில் நெளுக்குளத்தில் எனக்கொரு தகரக் கொட்டில் இருந்தது. வெயிலில் பழுத்த பிளாஸ்டிக் மூடியைத் தண்ணீர் தொட்டு மண்கடதாசியால் தேய்ப்பேன். பிறகு பற்பசை பூசித் துணியால் மினுக்குவேன். ஒரு லொறிக்காரர் பாதியிலேயே என் கையைப் பிடித்தார்.

"காணும் அண்ணை, இவ்வளவு போதும். சென்றியிலை துவக்கோடை காவல் நிக்கிற ஆமிக்காரனுக்குக் கண் கூசினா, பிறகு நான் வீட்டை போய்ச் சேரமாட்டன்."

ஒன்று மட்டும்

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மாரிமுத்து, தோட்டம் செய்து மிஞ்சிய நேரத்தில் வான் ஓட்டினார். வானின் இடது விளக்கு புதிதாக மங்கியிருந்தது. வலது, எப்போதோ மாற்றிப் போட்ட பழையது, மஞ்சளாகவே எரியும்.

"இடப்பக்கம் மட்டும் போதும் தம்பி. மத்ததைத் தொடாதீங்க."

இரண்டும்

அவர் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இரண்டையும் துலக்கிவிட்டேன். அது இரக்கமா, கைத்திமிரா? இன்றும் தெரியவில்லை.

திரும்பி வந்தவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். சுவரில் இரண்டு வெள்ளை வட்டங்கள். ஏசுவார் என்று நின்றேன். அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். முந்திய வருடம் விறகுக்குப் போன மகன் திரும்பவில்லை. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள் என்று தூரத்திலேயே வானை அடையாளம் கண்டு வேலிப் படலையைத் திறக்க ஓடிவருகிறவன் அவன். அதனால் ஊரடங்குக்கு முன், கருக்கலில், தினமும் காட்டோரமாக ஒருதரம் ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம்.

"இப்ப எல்லா வானையும் மாதிரித்தான் என் வானும். அவன் எதைப் பாத்து வெளிய வருவான்?"

சாயம்

மறுநாளே விளக்குகள் இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தேன். வலது மூடியில் தேயிலைச் சாயம் பூசினேன், வழிந்தது. மஞ்சள் கரைத்துப் பூசினேன், திட்டுத் திட்டாக நின்றது. பக்கத்தில் குந்தியிருந்த மாரிமுத்து அன்றுதான் முதன்முறை சிரித்தார்.

"விளக்குக்குக் கல்யாணமா தம்பி?"

கடைசியில் மெல்லிய வார்னிஷ் பிடித்தது. அது காயும்வரை கண்ணிழந்த வான் என் கொட்டிலிலேயே நிற்கட்டும் என்று அவர் நடந்து போனார். அன்று மாலை வானை உள்ளே விட்டுக் கொட்டில் கதவை நானே பூட்டினேன்.

படலையடி

விடிய மாரிமுத்து வந்து வார்னிஷைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய மனைவி பின்னாலேயே வந்தா.

"ராத்திரி கேக்க மறந்துட்டேன். நேத்துக் கருக்கல்ல வான் நம்ம படலையடியில வந்து நின்னுச்சே, ஒண்ணு வெள்ள, ஒண்ணு மஞ்சள். அப்படியே திரும்பிப் போயிட்டு, அப்புறம் ஏன் நடந்து வந்தீங்க?"

நான் மேசையைப் பார்த்தேன். இரண்டு விளக்கும் அங்கேதான் கிடந்தன, கம்பி கழற்றியபடி. சொல்ல வாயெடுத்தேன். மாரிமுத்து என்னைப் பார்க்கவேயில்லை. அவர் மனைவியிடம் ஒன்றைத்தான் கேட்டார்.

"எந்தப் பக்கமா திரும்பிச்சு?"

ஆகவே தோழர்களே, ஒன்றைத் துலக்கச் சொன்னால் ஒன்றையே துலக்குங்கள். மற்றது யார் பார்ப்பதற்காக மங்கிக் கிடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.