ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்

டிக்கெட் விஷயத்தில் என் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது என்று நான் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. கொச்சியில், கொச்சங்காடியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கப்பல் காகிதங்கள் பார்ப்பது என் வேலை. பொடி எழுத்து நிபந்தனைகளைப் படித்துப் படித்தே கண்ணாடி தடித்துப்போனவன். அப்படிப்பட்ட நான் போன வருஷம் வெளிநாட்டில் ஒரு டிராம் நிறுத்தத்தில் நின்ற நிற்பை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஐரோப்பாவில், நடுவே ஆறு ஓடுகிற, மேட்டில் கோட்டை இருக்கிற ஒரு நகரம். அந்த ஊரின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

போகலாம் என்று ஆரம்பித்தவள் என் மனைவி. இடப்பள்ளியில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. நாலு நாள் போய்ச் சுற்றிவிட்டு வரலாம், அக்காவையும் அழைத்துக்கொள்ளலாம் என்றாள். அக்கா என் கூடப் பிறந்தவள். அத்திம்பேர் சின்ன வயதிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் காலம் தள்ளியவள். ரிடையர் ஆன பிறகு, நான் விடாமல் கெஞ்சியதால்தான் மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்து இருக்கிறாள்.

வெளிநாடு என்றதும் அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ. எனக்கு இங்கிலீஷ் வராது. அங்க யாராவது ஏதாவது கேட்டா நான் முழிக்கணும். நாலு பேர் முன்னால அசிங்கப்பட எனக்கு முடியாதுடா."

"உன்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டா. எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வெறுதே கூட வந்தா போரும்," என்றேன்.

இதை நான் ஒரு தடவை சொல்லவில்லை. அவள் பெட்டி கட்டுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான், அதை நான் என் பொறுப்பாக வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது டிக்கெட் ஆராய்ச்சி. அந்த ஊரில் மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ஆனால் அந்த ஒரே டிக்கெட்டில்தான் எத்தனை வகை. ஒரு தடவை ஏறி இறங்க ஒன்று, முத்திரை குத்திய நேரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று நாளைக்கு ஒன்று, மியூசியங்களையும் சேர்த்துக் கொடுக்கிற சுற்றுலா அட்டை ஒன்று, விமான நிலையத்திலிருந்து வர இன்னொன்று. ஆபீசில் மத்தியானச் சாயா வந்து ஆறிப்போகும், நான் கம்ப்யூட்டரில் அந்த ஊர் டிராம் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு.

"பொண்ணு பாக்க வந்தப்போகூட நீங்க இவ்வளவு யோசிக்கலை," என்றாள் மனைவி.

"அப்போ யோசிச்சிருக்கணும்," என்றேன். அக்கா சிரித்தாள்.

கடைசியில் கண்டுபிடித்தேன். குழு டிக்கெட். ஐந்து பேர் வரை ஒரே சீட்டு, நாள் முழுக்க எங்கே வேண்டுமானாலும் போகலாம். மூன்று பேருக்குத் தனித்தனியாக எடுப்பதைவிட எவ்வளவோ மலிவு. இந்த இணையதளங்களில் பயணக்கட்டுரை எழுதுகிற ஒருத்தனும் இதைச் சொல்லவில்லை என்று எனக்கு ஒரே தெனாவட்டு. நிபந்தனையையும் படித்தேன். படிக்காமல் விடுகிற ஆளா நான்? சேர்ந்து பயணம் செய்பவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. நாங்கள் சேர்ந்துதானே போகிறோம், அப்புறம் என்ன.

"அப்போ என் கையில டிக்கெட் இருக்காதா?" என்று அக்கா கேட்டாள்.

"என் கையில இருக்கே. பின்னே என்ன?"

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மெட்ரோவில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். குளிருக்கு அக்கா என் பழைய ஸ்வெட்டரைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தாள். பாலத்தின் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. பயந்தது வெறுதேடா, என்று அவளே சொன்னாள்.

இரண்டாம் நாள் காலை கோட்டைக்குப் போக டிராம் நிறுத்தத்தில் நின்றோம். கொஞ்சம் கூட்டம். டிராம் வந்தது, இரண்டு பெட்டிகள் கோத்தது. இந்த இடத்தை நான் எப்படிச் சொல்வேன். எங்கள் ஊர் பஸ்ஸில் பெண்கள் முன்வாசலில் ஏறுவார்கள், ஆண்கள் பின்வாசலில். மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் போனால் நிறுத்தத்தில் பிரிந்து, இறங்குகிற இடத்தில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். பின்னால் இருக்கிற ஆண், கண்டக்டரிடம் "முன்னில் ரெண்டு லேடீஸ்" என்று சொல்லி எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பான். முன்னால் கண்டக்டர் கேட்டால் பெண்கள் கையைப் பின்பக்கம் காட்டுவார்கள். அவ்வளவுதான். அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அன்றைக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. மனைவியும் அக்காவும் முன்பெட்டியில் ஏறினார்கள். என் கால் தானாகப் பின்பெட்டிக்குப் போயிற்று. இரண்டு பெட்டிக்கும் இடையே உள்ளே வழி கிடையாது. கண்ணாடி வழியாக அவர்கள் தெரிந்தார்கள், அக்காவுக்கு உட்கார இடமும் கிடைத்திருந்தது. எனக்கு நிம்மதி.

அடுத்த நிறுத்தத்தில் சாதாரண உடையில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் முன்பெட்டியில் ஏறி, சட்டையில் மாட்டியிருந்த அட்டையைக் காட்டினார்கள். டிக்கெட் பரிசோதகர்கள். நான் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. அந்தப் பெண் அக்காவின் முன்னால் வந்து நின்று ஏதோ கேட்டாள். அக்கா கையைப் பின்பக்கம் காட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? டிக்கெட்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி கேட்டாள். அக்கா மறுபடி கையைக் காட்டினாள். பெட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள்.

டிராம் நின்றது. அவர்கள் நாலு பேரும் இறங்குவதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. கதவண்டை ஓடினேன். அந்த ஊரில் கதவைத் திறக்க நாமே பொத்தானை அமுக்க வேண்டும். நான் யாராவது திறப்பார்கள் என்று நின்றேன். டிராம் கிளம்பிவிட்டது. நடைமேடையில் அக்கா என் ஸ்வெட்டரோடு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது கண்ணாடியில் தெரிந்து, அப்புறம் தெரியாமல் போயிற்று.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆற்றங்கரை ஓரமாகத் திரும்பி ஓடினேன். இந்த வயதில், இந்தத் தொந்தியோடு. ஓடும்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. டிக்கெட் மட்டுமில்லை, பாஸ்போர்ட், பணம், ஓட்டல் விலாசம், அந்த ஊர் சிம் போட்ட போன், எல்லாம் என் இடுப்புப் பையில். தான் யார் என்று காட்ட அவர்கள் இரண்டு பேர் கையிலும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பொறுப்பாக இருக்கிறேன் என்று அத்தனையையும் நானே கட்டிக்கொண்டிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மனைவி தெரிந்த இங்கிலீஷில் அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தாள். அக்கா "பிரதர்… பிரதர்…" என்று டிராம் போன திசையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். டிக்கெட் செல்லும், உங்களுக்குச் செல்லும், இவர்கள் உங்களோடு வரவில்லையே என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள். ஒரே டிராம்தானே என்றேன். இரண்டு பெட்டி என்றாள். நிபந்தனையை எனக்கே படித்துக் காட்டி, இரண்டு பேருக்கும் அபராதம் கட்டச் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சத்தம் போட்டேன். எங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுத்தேன். முன்வாசல், பின்வாசல் என்று நடைமேடையில் நடந்தே காட்டினேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவள் மட்டும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அக்கா என் கையைப் பிடித்தாள்.

"போரும்டா. கேக்கறதைக் கொடுத்துடு. எல்லாரும் நம்மளைத் திருடினவா மாதிரி பாக்கறா."

கொடுத்தேன். கோட்டைக்குப் போகவில்லை. ஓட்டலுக்கு நடந்தே திரும்பினோம், டிராமில் ஏற ஒருத்தருக்கும் மனசில்லை. வழியெல்லாம் நான் தொணதொணத்துக்கொண்டு வந்தேன். சட்டம் அப்படி, இணையதளத்தில் தெளிவாகப் போடவில்லை என்று என்னென்னவோ. அக்கா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

மறுநாள் காலையில் மூன்று பேருக்கும் தனித்தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, அவளுடையதை அவள் கையில் கொடுத்தேன்.

"எனக்குக் கால் வலிக்கறது. நீங்க போயிட்டு வாங்கோ," என்றாள்.

"மெதுவா போலாம் அக்கா. இன்னிக்கு நான் உன் பக்கத்துலேயே உக்காந்துக்கறேன்."

"சாரமில்லைடா, பரவாயில்லை. நான் இங்கேயே இருக்கேன்."

அறைக்கு வெளியே வந்ததும் மனைவி சொன்னாள். "அக்காவுக்குக் கால்ல ஒண்ணும் இல்லை. உங்களுக்கே தெரியும்."

தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதற்குப் பிறகு அந்த ஊரை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் அக்கா அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொரு நாளும் கூப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் கால் வலி. நாங்களும் போகவில்லை என்றால் அவளுக்கு அது வேறு உறுத்தும் என்று நானும் மனைவியும் கோட்டைக்குப் போனோம், படகில் போனோம். ஒன்றும் மனதில் பதியவில்லை. திரும்பி வந்தால் அவள் ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். கீழே தெருவில் டிராம் போய்க்கொண்டிருக்கும்.

நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்தோம். பெட்டிகளை உள்ளே வைத்து, காப்பி குடித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு மாமி வந்துவிட்டார். எங்களைப் போலவே பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட குடும்பம்.

"எப்படி இருந்தது யாத்ரை? சுத்திப் பாத்தேளா?" என்று அக்காவிடம் கேட்டார்.

சொல்லட்டும், ஊருக்கெல்லாம் சொல்லட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று நின்றேன்.

"ரொம்ப நன்னா இருந்தது," என்றாள் அக்கா. "வாசல்லேயே டிராம் போகும், கேட்டேளா. மணியடிச்சுண்டு, பூ மாதிரி போகும். எத்தனை நேரம் பாத்தாலும் அலுக்காது."

"உங்களுக்குப் பாஷை தெரியாதே, பயமா இல்லையா?"

"எனக்கென்ன பயம். எல்லாம் இவன் பாத்துண்டான். என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை."

மனைவி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மாமி என்னைப் பார்த்து, தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். டாக்ஸிக்காரனுக்குப் பணம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வாசலுக்கு வந்தேன். டாக்ஸி எப்போதோ போயிருந்தது.