பார்வதியின் கீரையில் இருந்தது

காய்கறியில் தங்கிப்போன பூச்சிமருந்தைக் கண்டுபிடிப்பது என் தொழில். விருந்து வீடுகளில் என் பக்கத்தில் உட்கார யாருக்கும் பிரியமில்லை. போஞ்சிக்காயை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, அப்புறமும் சந்தேகத்தோடு சாப்பிடும் உங்களுக்கு என் நிலைமை புரியும்.

தானாக உருகியது

முன்பெல்லாம் காய்கறியிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க, முகர்ந்தாலே தலை சுற்றும் கரைப்பான்கள் வேண்டும். பதுளையில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு இப்போது ஆளுக்கும் சூழலுக்கும் கேடில்லாத 'பச்சைக்' கரைப்பான் வந்திருக்கிறது. புதினாவில் இருக்கும் மென்தால், ஓமத்தில் இருக்கும் தைமோல். இரண்டும் வெள்ளைக் கட்டிகள். சேர்த்து வைத்தால் நெருப்பே இல்லாமல் உருகிவிடும். அதில் ஒரு சொட்டை, காய்கறியை அரைத்துக் கரைத்த நீரில் கலக்கினால், ஒளிந்திருக்கும் மருந்தை இழுத்துக்கொண்டு மேலே வந்து மிதக்கும்.

முதல் தடவை கட்டிகள் நெளிந்து உருகியதைப் பார்த்த என் சக ஊழியர் நஸீமா, உட்கார்ந்திருந்த கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஒருத்தரும் தொடாம இது ஏன் அசையுது? எனக்குப் பிடிக்கல்ல."

ஜன்னலோரம்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பார்வதி என்பவர் ஒரு கட்டுக் கீரையோடு வந்தார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் அவரே போட்டது; மருந்தே அடித்ததில்லையாம். ஆனால் அதைத் தின்ற ஆடு நுரை தள்ளிச் செத்துவிட்டது. முனி அடித்தது என்று லயத்தில் பேச்சு. மருமகள் மாசமாக இருந்ததால் பார்வதிக்குத் தூக்கமில்லை.

சோதனைக்கு எடுத்தது போக மீதிக் கீரையை ஜன்னலோரம் வைத்திருந்தோம். மறுநாள் பார்த்தால், எறும்புச் சாரை ஒன்று கீரைவரை வந்து, வரிசைகூடக் கலையாமல் அப்படியே செத்துக் கிடந்தது. புதினா வாசனையோடு மிதந்த சொட்டைக் கருவியில் விட்டேன். திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. விற்கவே தடையுள்ள மருந்து.

பார்வதிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப யாரு மேடம் வந்து அடிச்சிட்டுப் போனது?"

பீலிக்கரை

நேரில் போனோம். லயத்துக்கு ஓடைத் தண்ணீர் வந்து விழும் பீலியடியில் பட்டப்பகலிலும் ஒரு தவளை இல்லை, ஒரு தும்பி இல்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும். கண்ணாடி மாதிரித் தண்ணீர். பார்வதி கீரைக்கு ஊற்றுவதும் இதைத்தான். மருமகள் குடம் நிறையப் பிடித்து இடுப்பில் வைத்திருந்தாள். நஸீமா அதை வாங்கிக் கீழே கொட்டினார்.

ஓடையைப் பிடித்து மேலே ஏறினோம். முட்டைக்கோஸ், அதுதான் எங்கள் ஊர்க் கோவா, போடும் குத்தகைக்காரர் ஒருவர், மருந்தடிக்கும் டாங்கியை ஓடையில் கழுவிக்கொண்டிருந்தார். "கோவாவுக்குத்தான் அடிக்கிறேன்," என்றார் சாவகாசமாக. "இங்க கழுவ மட்டுந்தான் செய்றேன்."

பீலித் தண்ணீரிலும் அதே மருந்துதான். பீலியை அடைத்து, வேறு ஊற்றிலிருந்து குழாய் போட்டார்கள். குத்தகைக்காரர் மேல் விசாரணை வந்தது. மருமகளுக்குப் பெண் பிள்ளை, இருவரும் சுகம். அதைச் சொல்வதற்குப் பார்வதிதான் போன் போட்டார். நான் சந்தோஷப்பட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். "மழ நல்லாப் பெய்யுது மேடம். பீலியடியில இன்னும் ஒரு தவளகூடக் கத்தல."

சாமியாடியிடம் போனால் முனி போய்விட்டது என்றாவது ஒரு ஆறுதல் கிடைக்கும். எங்களிடம் வந்தால் முனியின் பெயரை மட்டும் சரியாகச் சொல்லி அனுப்புவோம்.