புண்ணாக்குத் தண்ணீர்

1. சிங்கப்பூரில், சாங்கியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்த புல்தரையில், ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் புல் கருகிப்போனது.
2. அத்தை அரிவாள்மனையோடு கடற்கரைப் பக்கம் போய், வேரும் மண்ணுமாகப் புல்லைப் பாளமாக அறுத்து வந்து அந்த இடத்தில் பதித்தார்.
3. இன்ஸ்பெக்டர் வந்தார். புல் நன்றாக இருக்கிறது என்றார்.
4. அவர் கேட்ட கேள்விக்கு அம்மா தப்பாகப் பதில் சொன்னார்.
5. அத்தை வீட்டுக்குள்ளிருந்து அதைத் திருத்தினார்.

நடந்தது இவ்வளவுதான். ஐந்தாவது மட்டும் நடந்திருக்கக் கூடாது.

அப்பா வேலை பார்த்த இடத்தில் கொடுத்த வீடு அது. கணவன், மனைவி, பிள்ளைகள் தவிர வேறு யாரும் தங்கக்கூடாது என்பது விதி. அத்தை அப்பாவின் தங்கை. கப்பலேறி ஊருக்குப் போன மாமா திரும்பி வரவுமில்லை, கடிதம் போடவுமில்லை. அத்தை, சிராங்கூன் ரோட்டில் கடைக்கு மேலே இருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்தார். எங்களை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

மாதாமாதம் சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாசல் புல் ஒழுங்காக இருந்தால் கேட்டோடு திரும்பிவிடுவார். இல்லாவிட்டால் வீட்டுக்குள் வந்து அடுப்படி வரை பார்ப்பார். பெரியவர்களுக்கு இது தெரியும். எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்துக்குப் புல் என்றால் ரொம்பப் பிடிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அரிசி கழுவிய தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் எங்கள் வீட்டில் சாக்கடைக்குப் போனதே இல்லை. புழு வந்தால் துணி துவைத்த சோப்புத் தண்ணீர் தெளிக்கப்படும். லாலாங் களை தலைகாட்டினால் அதன் குருத்தில் கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சி விழும். ஓரங்களை அத்தை துணி வெட்டும் கத்தரியால் சீராக்குவார். அதுவும் அக்கம்பக்கத்தார் எழுந்திருப்பதற்கு முன்பே.

எல்லாவற்றுக்கும் மேலே புண்ணாக்கு. சிராங்கூன் ரோட்டுச் செக்குக் கடையிலிருந்து அப்பா சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டு வருவார். அத்தை அதை மண்ணெண்ணெய் டின்னில் ஊறப்போட்டு, நாற்றம் வந்த பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கலந்து ஊற்றுவார். அந்த மாதம் அத்தைக்குக் காய்ச்சல். சோதனை நெருங்கிவிட்டதே என்று அப்பா தானே டின்னைத் தூக்கி, தண்ணீர் கலக்காமல் கவிழ்த்துவிட்டார். முதலில் சொன்ன கருகல் அப்படி வந்ததுதான். நான் இப்போது ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அந்த அடர்த்தியில் எந்த வேரும் தாங்காது என்று இன்று என்னால் சொல்ல முடியும். அத்தை அன்றே சொன்னார்.

"ஏண்ணே, பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்கச் சொன்னா, மாட்டையே வாயில திணிப்பியா?"

காய்ச்சலோடு அத்தை அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அப்பா வேலைக்குப் போயிருந்தார். அத்தை அடுப்படிக் கதவுக்குப் பின்னால். அம்மாவும் நானும் வாசலில். அவர் கேட்டில் நின்று பார்த்தார். கிளம்பவில்லை. உள்ளே வந்து குனிந்து புல்லைத் தடவினார்.

"என்னாம்மா, ஜமுக்காளம் விரிச்ச மாதிரி வச்சிருக்கீங்க. எங்க வீட்டுல எல்லாம் காஞ்சு கெடக்கு. என்ன ஊத்துறீங்க?"

"புண்ணாக்குத் தண்ணி, சார்."

"எப்படி ஊத்துவீங்க?"

அம்மா அந்த டின்னைத் தொட்டதே கிடையாது. "அப்படியே ஊத்திடுவோம், சார்."

"ஐயோ, அப்படியே ஊத்தினா கருகிடும்," என்றது அடுப்படி. "நாலு நாள் ஊறணும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி கலக்கணும்."

அம்மா என் தோளைப் பிடித்தார். வலித்தது.

"உள்ள யாரு?"

"நாத்தனார், சார். பாத்துட்டுப் போக வந்திருக்காங்க."

"எப்ப வந்தாங்க?"

"நேத்து, சார்."

அவர் புல்லைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார். "நேத்து வந்தவங்க நாலு நாள் ஊறப் போட்டாங்களா?"

அத்தை தானாகவே வெளியே வந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிலைப்படியில் நின்றார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார்.

"சரி. சனிக்கிழமை இவங்கள நம்ம வீட்டுக்கு அனுப்புங்க. டின்னோட. மத்தத நான் பாத்துக்கிறேன்லா."

அவர் போன பிறகு அம்மா படியில் உட்கார்ந்து அழுதார். அப்பா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டரே பாராட்டிய பிறகு எதற்கு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மட்டுமல்ல, நாங்கள் குவார்ட்டர்ஸைவிட்டுக் கிளம்பும் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அத்தை போனார். புல்லில் தொடங்கி, அந்த வீட்டுத் துணி, பாத்திரம் எல்லாம் அவர் கைக்கு வந்தன. கூலி என்று எதுவும் கொடுத்ததில்லை. பஸ்ஸில் ஏறிப் பெரிய வீட்டுக்குப் போகிறாரே என்று எனக்குப் பொறாமை. எங்கள் அத்தைக்கு வேலை கிடைத்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னேன். என்னையும் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடித்தேன். அத்தை ஒரு முறைகூடக் கூட்டிப்போகவில்லை. என்மேல் அவருக்குப் பிரியம் குறைந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

இப்போது நாங்கள் தோ பாயோவில் சொந்த அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். ஏழாவது மாடி. அத்தையும் எங்களோடுதான். யார் வந்து கதவைத் தட்டினாலும் அவர்தான் போய்த் திறக்கிறார்.