வீட்டுப்பாடத்துக்குப் பின்னால் கேட்ட சத்தம்

எங்கள் பாடசாலைக்கு இருபது கணினிகளும் ஹெட்போன்களும் வந்த வருடத்தில்தான் ஒன்பதாம் தரத்துக்கு ஆங்கில உச்சரிப்பைப் புதிய முறையில் கற்பிக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் பின்னேரம் வீட்டிலிருந்து பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியை வாசித்து, போனில் பதிந்து அனுப்புவார்கள். மறுநாள் கணினி அறையில் ஒரு மென்பொருள் அந்தப் பதிவுகளைச் சோதித்து, சரியான சொற்களைப் பச்சையிலும் பிழையானவற்றைச் சிவப்பிலும் காட்டும். நாற்பது பிள்ளைகளைத் தனியாகத் திருத்திக் களைத்திருந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு மாணவியின் பதிவு மட்டும் எப்போதும் சிவப்பாகவே வந்தது. வகுப்பில் அவள் தெளிவாக வாசிப்பவள். இரைச்சல் அதிகம் என்று மென்பொருள் சொன்னது. வீடு உள்துறைமுகப் பக்கம். தகப்பன் படகு எஞ்சின் திருத்துகிறவர். பட்டறைச் சத்தம்தான் என்று நானே முடிவெடுத்து, அமைதியான ஓர் இடம் பார்த்து வாசிக்கத் தெரியாதா என்று எல்லோர் முன்னாலும் ஏசினேன். அவள் ஓம் ரீச்சர் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த பதிவும் சிவப்பு. அன்று அவள் பாடசாலைக்கு வரவில்லை. இடைவேளையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் தடவையாக அதை என் காதால் கேட்டேன். ஒரு குடும்பம் கடற்கரைக்குப் போவதைப் பற்றிய பந்தி. அவள் குரலுக்குப் பின்னால் தோல் பெல்ட் உடம்பில் விழும் சத்தம், விட்டு விட்டு. பிறகு ஒரு பெண்ணின் குரல், தாயாகத்தான் இருக்கவேண்டும்:

"பிள்ளை வாசிக்குது. அங்கால வந்து அடியுங்கோ."

மகள் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தினாள். ஏதோ சுவரில் மோதியது. அதன்பிறகு பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவள் கடைசி வசனத்தை வாசித்து முடித்தாள்.

பழைய பதிவுகளையும் போட்டுப் பார்த்தேன். அவற்றிலும் அதே பெல்ட். அவை எல்லாவற்றுக்கும் நான் குறைந்த புள்ளி போட்டிருந்தேன்.

பதற்றத்தில், பதிவு வந்த போன் இலக்கத்துக்கே செய்தி அனுப்பினேன்: வீட்டில் நடப்பது எனக்குக் கேட்டது, பயப்பட வேண்டாம், நாளை வந்து சொல்லுங்கள் என்று. அது தகப்பனின் போன் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அழிப்பதற்குள் அவர் வாசித்துவிட்டார். பாடசாலை அதிபரிடம் ஓடினேன். பிள்ளையிடம் விசாரித்துவிட்டு நாளைக்குப் பொலிசுக்குச் சொல்லலாம் என்றார். நானும் சரி என்றேன்.

மறுநாள் காலை அவள் வந்தாள். கீழ் உதடு பிளந்து வீங்கியிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. கணினி அறையில் கதிரையில் இருத்தி என்ன நடந்தது என்று கேட்டேன். வாயைத் திறந்தாள், சொல் உருப்பெறவில்லை, எச்சிலோடு இரத்தம் வந்தது.

நான் துணியை நனைத்துக்கொண்டிருந்தபோது தகப்பன் உள்ளே வந்தார். கையில் முழ நீள ஸ்பானர்.

"என்ர வீட்டை ஒட்டுக்கேட்ட மெசின் எது?" என்று கேட்டார். குரலை உயர்த்தவேயில்லை.

பதிலுக்கு நிற்காமல் முதல் வரிசைத் திரைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி எங்கள் மேல் தெறித்தது. மகள் இருந்த கதிரைக்கு வந்ததும் நான் குறுக்கே போனேன். முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு உடைவது எனக்குக் கேட்டது. இரண்டாவது தோளில். நான் விழுந்தேன். மூன்றாவதற்கு அவர் கையை ஓங்கியபோது மகள் கதிரையைத் தூக்கி அவர் முகத்தில் இடித்தாள். மூக்கு உடைந்து சரிந்தார்.

ஓடிவந்த ஆண் ஆசிரியர்கள் அவரை மடக்கினார்கள். ஸ்பானர் எப்போதோ கைநழுவிப் போய்விட்டது. ஆனாலும் அவர்களுடைய உதை நிற்கவில்லை. போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் விழட்டும் என்றுதான் மனம் சொன்னது. மகளும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பொலிஸ் ஜீப் வந்து அவரை ஏற்றிப் போனது; வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைத்தார்கள். பதிவுகளை நான் பொலிசில் கொடுத்தேன். தாயோ அது உடுப்புத் தோய்த்த சத்தம் என்று வாக்குமூலம் கொடுத்தாள். மகள் கிணற்றடியில் விழுந்தாள் என்றாள். மகள் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு வாய் திறக்கவில்லை.

அடுத்த கிழமை தாயும் மகளும் கிளிவெட்டியில் இருக்கும் தாயின் தமக்கை வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கட்டுப் போட்ட கையோடு பஸ் நிலையத்துக்குப் போனேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று தாயிடம் கேட்டேன்.

"பதினாறு வருசமா எனக்கு அடி விழேக்க ஒருத்தரும் வரேல்ல ரீச்சர்," என்றாள். "உங்களுக்கு ரெண்டு அடி விழுந்த உடன ஜீப் வந்தது. நான் சொல்லி என்ன வரப்போகுது?"

நல்ல கையால் அவர்களுடைய பையைத் தூக்கிக் கொடுத்தேன். மகள் யன்னலோரம் இருந்தாள். நான் அவளை ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர்கள் திரும்பி வரவில்லை; மகள் அங்கேயே படிக்கிறாள். வழக்கு முடிந்தபோது என் மணிக்கட்டுக்கும் உடைந்த கணினிகளுக்கும் தகப்பனுக்குச் சிறை கிடைத்தது. வாசித்த தீர்ப்பில் அந்தத் தாயின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை.