பேண்டேஜ் கட்டிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. தம்பி பெண்டாட்டியிடம், அவளுக்கு அத்தான் முறையாகிற மூத்தவர் முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று யாரோ எப்போதோ வைத்த வழக்கம். அப்பா அதைத் தறிக்கூடத்து மெயின் சுவிட்சு மாதிரி, யாரும் தொடக் கூடாத சாமானாக வைத்திருந்தார். சித்தி கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. அப்போது நான் நாலாம் வகுப்பு.

வேலை சுலபம். "ஒங்க சித்திகிட்டச் சொல்லு, கரண்டு போகப் போகுதாம்" என்று அப்பா முற்றத்தில் நின்று சொல்வார். எட்டிப்பிடிக்கிற தூரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் சித்தி தலையைத் தூக்க மாட்டாள். நான் போய், "சித்தி, கரண்டு போகப் போகுதாம்" என்பேன். "சரின்னு சொல்லு" என்பாள். திரும்பி வந்து, "சரியாம்ப்பா" என்பேன். நான் சொன்னால்தான் அவர்களுக்குக் காது கேட்கும் என்று மனசார நம்பியிருந்தேன். "ஆத்துக்குப் பாலம் இல்லன்னா பரிசல்காரன்தான் ராசா" என்று அம்மா என்னைக் கேலி செய்வாள். எனக்கு அது புகழ்ச்சியாகத்தான் பட்டது.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஓடியதெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறி. வீட்டின் முன்பாதி தறிக்கூடம், பின்பாதியில் குடித்தனம். ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்தச் சல்லாத் துணி எங்கள் வீட்டில் செய்யாத வேலை கிடையாது. தேங்காய்ப்பால் பிழிய அதுதான், மூக்குச் சிந்த அதுதான், என் பொம்மைக்குப் பட்டுச்சேலையும் அதுதான். பஞ்சுப் பிசிறு வீடெல்லாம் பறக்கும். ரசத்தில் கறிவேப்பிலை மிதக்கிறதோ இல்லையோ, ஒரு பிசிறு மிதக்கும். "பஞ்சுக்கு வாக்கப்பட்டவ தும்மலுக்கு அஞ்சலாமா" என்று சொல்லிக்கொண்டு அம்மா அதை விரலால் எடுத்துப் போடுவாள்.

சித்தி வாக்கப்பட்டு வந்தபோது கட்டில் பீரோவோடு ஒரு கம்ப்யூட்டரும் சீராக வந்தது. சித்தப்பா கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கப் போவார். எடுத்து வந்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துப் படமாக்குவது சித்தி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் மூன்று வருசம் அதே வேலையில் இருந்தவள். மாப்பிள்ளை வீட்டாரின் பெரியம்மா எத்தனை தடவை படத்தில் வந்தார், போதுமா, கோபித்துக்கொள்வாரா என்பதெல்லாம் சித்திக்குத்தான் தெரியும்.

அந்த வருசம் வைகாசி முகூர்த்தத்தில் கம்ப்யூட்டர் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. வெட்டி ஒட்டும்போது சும்மா இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக ஆக்கச் சொன்னால் செத்த நேரம் உறுமும், பிறகு பொட்டென்று அணைந்துவிடும். பக்கத்துப் பலகையைக் கழற்றினால் உள்ளே பஞ்சு, தலையணை கணக்காகத் திணிந்து கிடக்கும். சித்தப்பா பலகையைத் திறந்தபடியே விட்டு ஒரு டேபிள் ஃபேனை எதிரில் வைத்தார். இருந்த பஞ்சு போதாதென்று வெளியே பறந்ததையும் ஃபேன் உள்ளே ஊதிவிட்டது. சாமானெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பெட்டிதான் சின்னது, சூடு வெளியே போக வழியில்லை, நல்ல கேபினெட்டாக வாங்கி மாற்ற வேண்டும் என்றாள் சித்தி.

சோழபுரத்துக் கல்யாணப் படம் ஒன்று பாதியில் நின்றது. மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர். லீவு முடிந்து கிளம்புவதற்குள் படம் கையில் வேண்டும் என்று அவர் அம்மா காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். சித்தியின் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வேறு விதமாகப் பேசினார். "பெட்டிய இங்க கொண்டாந்துரு. மேசையெல்லாம் தொடச்சு வச்சிருக்கேன். இங்க தூசி தும்பு கிடையாது. முகூர்த்தம் முடியிறவரைக்கும் இருந்துட்டுப் போ." "பாப்போம்மா" என்று சித்தி போனை வைத்தாள். என் அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கல்யாணமாகி வருசம் திரும்பவில்லை, புருசன் வீட்டில் நிற்கவில்லை என்பார்கள். எனக்கு ஊர் வாய் பற்றிக் கவலையில்லை. சித்தி போய்விட்டால் ராத்திரி யார் பக்கத்தில் படுப்பது, என் உத்தியோகம் என்னாவது என்பதுதான் கவலை.

அப்பா தறியைப் பார்த்தார், பறக்கிற பிசிறைப் பார்த்தார். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து என்னிடம், "ஒங்க சித்தியக் கெளம்பச் சொல்லு. பெட்டி வாங்கிட்டு வந்துருவோம்" என்றார். சித்தப்பா ஷூட்டிங்குக்குப் போயிருந்தார்.

கடை ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிப் பக்கம் ஒரு மாடியில். பேருந்தில் அப்பா டிரைவருக்குப் பின்னால் உட்கார, சித்தியும் நானும் கடைசிக்கு முந்தின வரிசை. "எங்க எறங்கணும்னு கேளு" என்று அப்பா ஆளனுப்புவார். ஆள் நான்தான். கூட்டத்தில் இடிபட்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தேன். கண்டக்டர், "ஏட்டி, நீ டிக்கெட்டுல வாரியா, நடந்தே வாரியா?" என்று கேட்டார்.

கடையில் பெட்டிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. கடைக்காரர் இளவட்டம். முதலில் அவர் காட்டியது முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி வைத்த பெட்டி. சுவிட்சைப் போட்டதும் உள்ளே ஃபேன்கள் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுற்றின. சாமி சப்பரம் தோற்றது. நான் அங்கேயே மனசைக் கொடுத்துவிட்டேன். சித்தி குனிந்து பார்த்து, "அழகு சோறு போடுமா?" என்று நகர்ந்துவிட்டாள்.

அப்பா இரும்புச் சாமான் வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டு வந்தார். ஒரு கறுப்புப் பெட்டி முன்னால் நின்றார். "ஒங்க சித்திகிட்டச் சொல்லு. இது பீரோ கணக்கா கனமா இருக்கு. ஒரு ஓட்டை கெடையாது. தூசி எப்படிப் போகும்னு கேளு."

"தூசி போகாது, சரிதான். உள்ள இருக்கிற சூடும் வெளிய போகாதுன்னு ஒங்கப்பாகிட்டச் சொல்லு" என்றாள் சித்தி. அவள் கை வைத்திருந்தது வேறொன்றின் மேல். முன்பக்கம் முழுக்கச் சல்லடையாக இருந்தது அது.

"சல்லடைய வாங்கித் தறிக்குப் பக்கத்துல வைக்கவான்னு கேளு."

சித்தி மூச்சு விடாமல் பேசினாள். "தூசி எதுலயும் போகத்தான் செய்யும். மூடின பெட்டின்னா இடுக்கு வழியா உள்ள போயி வெளிய வரத் தெரியாம அங்கேயே குடித்தனம் பண்ணும். இதுல முன்னால ஒரு வடிகட்டி இருக்கு, கழட்டித் தட்டிட்டு மாட்டிக்கலாம். முன்னால ரெண்டு ஃபேன் காத்த இழுக்கும், பின்னால ஒன்னு வெளிய தள்ளும். ஒயரெல்லாம் பின்பக்கமா ஒதுங்கிரும், காத்த மறிக்காது. சொல்லு."

அம்புட்டையும் எப்படிச் சொல்ல? "அப்பா, அது வந்து, தூசி குடித்தனம் பண்ணுதாம்" என்று ஆரம்பித்துத் திக்கி நின்றேன்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். "சார், அவங்க பக்கத்துலதான நிக்காங்க. சொன்னதெல்லாம் ஒங்களுக்குக் கேட்டிருக்குமே, பொறவு பாப்பா எதுக்கு?"

அப்பா கூரையைப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்தாள். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போயிற்று. என் பிழைப்பில் மண்ணைப் போட அவருக்கு என்ன உரிமை?

சித்தி கைப்பையிலிருந்து மூக்குத் துடைக்கிற பேண்டேஜ் துணியை எடுத்தாள். இரண்டு பெட்டியிலும் ஃபேனைச் சுற்ற விடச் சொன்னாள். கறுப்புப் பெட்டியின் முன்னால் துணியைப் பிடித்தாள். காற்றில்லாத நாளில் கொடியில் கிடக்கிற துண்டு போல அது சும்மா தொங்கியது. சல்லடைப் பெட்டியின் முன்னால் கொண்டுபோனாள். லபக்கென்று துணி போய் ஒட்டிக்கொண்டது. கையை விட்டாள், அப்போதும் விழவில்லை. அப்பா மெல்ல நகர்ந்து அந்தப் பெட்டிக்குப் பின்பக்கம் போனார். குனிந்து, பின்னாலிருந்த ஃபேனுக்கு நேராக உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து, "இதையே கட்டச் சொல்லு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாததால் நான் இரண்டு பேரிடமும் சொல்லிவைத்தேன்.

திரும்பும்போது பெட்டி அப்பா மடியில்தான் வந்தது. கண்டக்டர் கீழே வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்து பழைய பெட்டியின் குடலையெல்லாம் எடுத்துப் புதியதில் மாட்டினார். மறுநாள் காலை சமையல் முடிந்ததும் சித்தி சோழபுரத்துக் கல்யாணத்தை ஓடவிட்டாள். திரையில் ஒரு கோடு எறும்பு போல ஊர்ந்தது. அது கடைசி முனையைத் தொட்டால் படம் முடிந்த கணக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கோடு பாதியைத் தாண்டியும் கம்ப்யூட்டர் மூச்சுக் காட்டவில்லை. சித்தி நிம்மதியாகத் துவைத்த துணியைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா எட்டிப் பார்த்தார். தறிப் பக்கமிருந்து ஒரு பிசிறு மிதந்து வந்து சல்லடையில் உட்கார்ந்தது. கூடவே இன்னொன்று. அப்பாவால் தாங்க முடியவில்லை. போனவர் ஒரு சுருள் பேண்டேஜோடு வந்தார். என்னைச் சுருளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முன்னும் பின்னும் மேலும் கீழும் இறுக்கி இறுக்கிச் சுற்றினார். முறிந்த காலுக்குக் கட்டுப் போடுகிறவர்கூட அத்தனை பதமாகச் சுற்ற மாட்டார். கடைசியில் நுனியை இரண்டாகக் கிழித்து அழகாக முடிச்சும் போட்டார். அடிபட்ட கம்ப்யூட்டருக்கு வைத்தியம் நடக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோசம்.

கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தம் ஏற ஆரம்பித்தது. மிக்ஸியில் வறமிளகாய் அரைக்கிற மாதிரி ஓர் இரைச்சல். மாடிப்படியில் தடதடவென்று காலடி. சித்தி வாசலில் வந்து நின்றாள், பார்த்தாள், கத்தினாள்.

"அத்தான்! அவுத்துவிடுங்க! மூச்சு முட்டுது அதுக்கு!"

அப்பா முடிச்சைப் பிடித்து இழுத்தார். தான் போட்ட முடிச்சு தனக்கே அவிழவில்லை. கத்தரியை எடுத்துக் குறுக்காக ஒரு வெட்டு வெட்டிக் கட்டை உருவினார். உள்ளேயிருந்து சுடுமூச்சு வந்து முகத்தில் அடித்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். கோடு நின்றது போல இருந்தது. பிறகு ஒரு நூல் நகர்ந்தது. இன்னொரு நூல். இரைச்சல் இறங்கியது.

அப்பா சித்தியின் முகத்தைப் பார்த்து, "எத்தன சுத்துத்தான்மா தாங்கும்?" என்று கேட்டார்.

நான் சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"ஒத்தச் சுத்துத்தான் அத்தான். அதுவும் இழை எட்ட எட்ட இருக்கணும்" என்றாள் சித்தி.

அப்பா தறிக்கூடத்துக்குப் போய் நாலைந்து தினுசுத் துணி கொண்டுவந்தார். சித்தி ஒவ்வொன்றையும் வாயருகில் வைத்து ஊதிப் பார்த்தாள். இது நெருக்கம் அத்தான். அப்ப இது? இது பிசிறு உதுத்தும். ஆமாமா, அது பதமான நூலு இல்ல, இந்தா இதப் பாரு. நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் கொசுவலை மாதிரி ஒரு துணி தேறியது. அதைச் சல்லடையின் மேல் ஒற்றையாக விரித்து, என் பழைய பாவாடை எலாஸ்டிக்கை உருவி இழுத்துக் கட்டினார்கள். பாவாடைக்காரியையும் கேட்கவில்லை.

அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, அப்பாவும் சித்தியும் என்னய விட்டுட்டு அவியளா பேசிக்கிடுறாக!"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சத்தம் போடாதட்டி. தேங்காச் சில்லு திங்கியா?" என்றாள். நான் கேட்காமலேயே ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தாள்.

படம் முழுசாக முடிந்தது. சோழபுரத்து மாப்பிள்ளை நேரில் வந்து வாங்கிக்கொண்டு, ரயிலேறப் போனார். இரண்டு நாள் கழித்து மடவார் வளாகத்திலிருந்து போன். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேசையைத் துடைத்து வைத்தது வைத்தபடி இருக்கிறது, பெட்டியை எப்போது கொண்டுவருகிறாய் என்று சித்தியின் அம்மா கேட்பது எனக்கே கேட்டது.

"இல்லம்மா. நான் வரல" என்று சிரித்தாள் சித்தி. "அத்தான் போகக் கூடாதுன்னு ஒரே பிடியா நிக்காக."

நான் சோற்றுக் கையோடு திகைத்துப்போனேன். இது என்ன அநியாயம்? அப்பா அப்படி ஒரு வார்த்தை எப்போது சொன்னார்? கல்யாணமான நாளிலிருந்து அவர் சித்திக்குச் சொன்னதெல்லாம் என் வழியாகப் போனது. அன்றைக்குத் துணி பார்த்தபோதும் பக்கத்திலேயே நின்றேன். நெருக்கம், பிசிறு, நூல், இதைத் தவிர ஒரு பேச்சு இல்லை. தறிக்கூடத்துக்கு ஓடி, சித்தி ஊருக்குப் போகக் கூடாது என்று சொன்னீர்களா என்று அப்பாவிடமே கேட்டுவிட்டேன். அப்பா அறுந்த இழையை முடிந்துகொண்டே, "நான் எங்க சொன்னேன்?" என்றார்.

திரும்பி வந்து, "சித்தி, அப்பா அப்படிச் சொல்லவே இல்லையாம்" என்று சேதியை ஒப்படைத்தேன்.

"சொன்னாக. ஒனக்குத்தான் கேக்கல" என்றாள்.

வீட்டில் இருந்த எல்லாருக்கும் எல்லாவற்றையும் கேட்க வைத்தவள் நான். எனக்கா கேட்கவில்லை? பாவம், ராத்திரி பகலாக அந்த ஃபேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சித்திக்குக் காதில் ஏதோ கோளாறு வந்துவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிடப் போனேன்.